மலையில் ஏர் ரைஃபிள் மக்கர் செய்தால்

கோயம்புத்தூரில் ஒழுங்காகச் சுட்டுக்கொண்டிருந்த ஏர் ரைஃபிளை ஊட்டிக்குக் கொண்டுவந்து ஒரு மழைக்காலம் வைத்திருந்தால், ஏதாவது ஒன்று மாறியிருக்கும். குறி விலகும், சத்தம் வேறு மாதிரி வரும், இல்லாவிட்டால் குழலில் பழுப்பாகப் பொட்டு விழும். உடனே கை போவது எண்ணெய்ப் புட்டிக்குத்தான். தையல் மெஷின் எண்ணெய், தேங்காய் எண்ணெய், கதவுக் கீலுக்கு அடிக்கிற ஸ்பிரே என்று வீட்டில் எது அகப்படுகிறதோ அது உள்ளே போகும். பழுது பார்க்கிறவன் கைக்கு வரும்போது கோளாறு இரண்டாகியிருக்கும். பழையது ஒன்று, எண்ணெயால் வந்தது ஒன்று.

அதனால் கீழே உங்கள் அறிகுறி எது என்று பார்த்துவிட்டு, அதற்குப் பிறகு கை வையுங்கள். மலையில் வருகிற கோளாறுகளில் பெரும்பாலானவை ஈரத்தாலும், மரம் வீங்கிச் சுருங்குவதாலும், பொருந்தாத பெல்லட்டாலும், அதாவது குழலில் போட்டுச் சுடும் சிறு ஈயக் குண்டாலும், வருபவை. ரைஃபிளைப் பிரிக்க வேண்டிய தேவை வருவது குறைவு.

இங்கே சொல்வது 4.5 மில்லிமீட்டர், அதாவது .177 அங்குலக் குழல் உள்ள, நடுவில் மடக்கி ஸ்பிரிங்கை ஏற்றும் ரைஃபிள்களுக்கு. நம் ஊர் வீடுகளில் இருப்பவை பெரும்பாலும் இவைதான். அழுத்தக் காற்றுச் சிலிண்டர் உள்ளவற்றுக்குக் கடைசியில் கொஞ்சம் இருக்கிறது.

கை வைப்பதற்கு முன் இரண்டு விஷயம். மடக்கி ஏற்றிய ரைஃபிளில் பெல்லட் போடும்போது ஒரு கை குழலை விடாமல் பிடித்திருக்க வேண்டும். உள்ளே ஸ்பிரிங்கைப் பிடித்திருக்கும் கொக்கி நழுவினால் குழல் படீரென்று மேலே வரும், இடையில் இருக்கும் விரல் தப்பாது. அடுத்தது, எதைச் சோதித்தாலும் குழலின் முனை மண் மேட்டைப் பார்த்து இருக்கட்டும். குன்னூர், கோத்தகிரிப் பக்கம் வீட்டுக்குப் பின்னால் உடனே சரிவு, சரிவின் கீழே தேயிலை, தேயிலைக்குள் ஆட்கள். பெல்லட் நூறு மீட்டரைத் தாண்டியும் போகும். கருங்கல் சுவரைப் பின்தடுப்பாக வைக்கக் கூடாது, ஈயம் தெறித்துத் திரும்பி வரும். பழைய துணியை இறுக்கி அடைத்த சாக்கும் அதன் பின்னால் ஒரு மண் திட்டும் போதும். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.

வேகம் குறைந்துவிட்டது

பெல்லட் மெதுவாகப் போகிறது என்பதைக் காதால் முடிவு செய்ய முடியாது. வேகமானி வைத்திருப்பவர்கள் குறைவு. ஆனால் ரைஃபிள் நன்றாக இருக்கும்போதே ஒரு துணி சோப்புக் கட்டியை 10 மீட்டரில் வைத்துச் சுட்டு, எவ்வளவு ஆழம் போனது என்று குச்சியால் அளந்து எழுதி வைத்துக்கொண்டால் பின்னால் ஒப்பிடலாம். சோப்பு அறைச் சூட்டில் இருக்க வேண்டும். ஜனவரி விடியலில் வெளியே கிடந்த சோப்பு இறுகிப்போய் பொய் சொல்லும்.

ஆழம் உண்மையிலேயே குறைந்திருந்தால் முதலில் பார்க்க வேண்டியது குழல் மூடும் இடத்தில் இருக்கும் ரப்பர் வளையம். டிஷ்யூ பேப்பரில் மெல்லிய கீற்று ஒன்றைக் கிழித்து, பெல்லட் போட்டு மூடிய பிறகு அந்த இணைப்பின் மேல் படிய வைத்துச் சுடுங்கள். கீற்று துள்ளிப் பறந்தால் காற்று அங்கே கசிகிறது. வளையம் தட்டையாகிப் போயிருக்கும். புது ஓ-ரிங் போட்டால் சரி. அது உடனே கிடைக்காவிட்டால், பழையதை ஊசியால் கவனமாக நெம்பி எடுத்து, அடியில் மெல்லிய காகித வளையம் ஒன்றை வெட்டி வைத்து மறுபடி உட்காரவைக்கலாம். வளையம் கொஞ்சம் எழும்பி நின்று அடைத்துக்கொள்ளும். எழும்பியது அதிகமானால் குழல் மூடவே கஷ்டப்படும், அப்போது காகிதத்தைக் குறையுங்கள்.

கீற்று அசையவில்லை என்றால் பிஸ்டன் பக்கம், அதாவது ஸ்பிரிங் தள்ளக் காற்றை அழுத்துகிற பாகத்தின் பக்கம், போக வேண்டும். டயானா 35 மாதிரியில் இந்தியாவில் செய்த பழைய ரைஃபிள்களில் பிஸ்டனின் தலையில் இருப்பது தோல் வாஷர். பழைய சைக்கிள் பம்ப்புக்குள் இருக்கிறதே, அதே வேலைதான் அதற்கும். டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை ஊட்டியில் இரவில் உறைபனியும் பகலில் காய்ந்த காற்றுமாக இருக்கும். பல மாதம் சுடாமல் மூலையில் சாய்த்து வைத்த ரைஃபிளில் தோல் காய்ந்து சுருங்கிவிடும். ஒரு சொட்டுக்கு மேல் எண்ணெய் விடலாம் என்று நான் சொல்கிற ஒரே இடம் இதுதான். ஏர் கன் விற்கிற கடைகளில் தோல் வாஷருக்கென்றே எண்ணெய் கிடைக்கிறது. ஸ்பிரிங் ஏறாத அளவுக்குக் குழலைக் கொஞ்சம் மட்டும் திறந்தால், சிலிண்டரின் முகத்தில் ஒரு சிறு துளை தெரியும். அதில் நாலைந்து சொட்டு விட்டு, குழல் முனை மேலே பார்க்க ஓர் இரவு நிறுத்தி வையுங்கள். மறுநாள் முதல் சில சுடுகளில் லேசாகப் புகை வரும், பயப்பட வேண்டாம்.

புது ரைஃபிள்களில் தோல் கிடையாது, செயற்கைப் பொருளில் செய்த வாஷர்தான். அதற்கு எண்ணெய்ப் பசியே இல்லை. கீச்சென்று சத்தம் கேட்டால் மட்டும் சிலிக்கான் சேம்பர் ஆயில் ஒரே ஒரு சொட்டு. அந்த சிலிக்கான் எண்ணெயை ஸ்பிரிங்குக்கும் போடலாமே என்று தோன்றும். போடாதீர்கள். இரும்பும் இரும்பும் உரசுகிற இடத்தை அது காப்பாற்றாது.

இரண்டும் சரியாக இருந்து இன்னும் வேகம் இல்லையென்றால் ஸ்பிரிங் தளர்ந்திருக்கும் அல்லது உடைந்திருக்கும். ஏற்றிய நிலையிலேயே மணிக்கணக்கில் வைத்துவிடுவதால் தளர்வது உண்டு. இதைப் பட்டறைக்குத்தான் அனுப்ப வேண்டும். ரைஃபிளுக்குள் ஸ்பிரிங் அழுத்தத்தோடுதான் உட்கார்ந்திருக்கிறது, ஏற்றாமல் இருக்கும்போதும் அப்படித்தான். அதற்கான அழுத்தி இல்லாமல் பின்மூடியைக் கழற்றினால் மூடி பறக்கும்.

வெடி மாதிரி சத்தம், குழலில் புகை

இதற்குக் காரணத்தைத் தேடவே வேண்டாம். யாரோ எண்ணெய் விட்டிருக்கிறார்கள்.

பிஸ்டன் முன்னே பாயும்போது சிலிண்டருக்குள் காற்று நொடியில் பயங்கரமாகச் சூடாகும். டீசல் இன்ஜினில் நடப்பதே இங்கும் நடக்கிறது. பெட்ரோலியம் எண்ணெய் துளி உள்ளே இருந்தால் பற்றி எரியும். சத்தம் கூர்மையாகக் கேட்கும், எரிந்த வாசனை வரும், பெல்லட் வழக்கத்தைவிட மேலே போய் விழும். சில பையன்கள் இதைப் பார்த்து “பவர் ஏறிடுச்சு” என்று சந்தோஷப்படுவார்கள். ஏறியது உண்மைதான். வாஷர் கருகுவதும் ஸ்பிரிங் முறிவதும் அதே வேகத்தில் நடக்கும்.

புத்தம் புது ரைஃபிளில் முதல் டப்பா பெல்லட் தீரும்வரை லேசாகப் புகைவது சாதாரணம், தொழிற்சாலையில் போட்ட கிரீஸ் எரிகிறது. மற்றபடி, குழலுக்குள் காய்ந்த துணித் துண்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக விட்டு, துணி சுத்தமாக வரும்வரை துடையுங்கள். பிறகு பெல்லட் போட்டுச் சுட்டுக்கொண்டே வாருங்கள், இருபது முப்பதில் அடங்கிவிடும். பெல்லட் போடாமல் வெறுமனே சுட்டு எண்ணெயை எரிக்கப் பார்க்காதீர்கள். முன்னால் காற்றை அடைத்துக்கொண்டு நிற்கிற பெல்லட் இருந்தால்தான் பிஸ்டன் மெத்தென்று நிற்கும், இல்லாவிட்டால் நேராகச் சிலிண்டரின் முன்சுவரில் மோதும். ஒரு டப்பா தீர்ந்தும் வெடிச் சத்தம் நிற்கவில்லை என்றால் சிலிண்டர் முழுக்க எண்ணெய் என்று அர்த்தம். பிரித்துக் கழுவித்தான் ஆக வேண்டும்.

தேங்காய் எண்ணெய் பற்றித் தனியாக ஒரு வார்த்தை. அது ஏறக்குறைய 24 டிகிரிக்குக் கீழே உறையத் தொடங்கிவிடும். ஊட்டியில் வருடத்தில் பாதிக்கு மேல் தலைக்குத் தேய்க்கவே வெந்நீரில் வைத்து உருக்குகிறோம். அதே எண்ணெய் ரைஃபிளின் ட்ரிகருக்குள் போனால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

ஊட்டிக்கு வந்ததிலிருந்து உதறுகிறது

வேறு எந்த அறிகுறியும் இல்லாமல், சுடும்போது மட்டும் கன்னத்தில் கொஞ்சம் முரட்டுத்தனமாக இடிக்கிறது என்றால், அது பழுதே இல்லை. ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். இங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குதான். சிலிண்டருக்குள் இழுபடுகிற காற்றும் அந்த அளவுக்கு மெலிந்தது. அதனால் பிஸ்டனுக்கு முன்னால் இருக்கும் காற்று மெத்தை மெலிந்து, முட்டுகிற வேகம் கூடுகிறது. கூடலூர் வரை இறங்கினால் இந்த வித்தியாசம் பாதியாகிவிடும். 10 மீட்டரில் குறியில் பெரிதாக எதுவும் மாறாது. இதற்காக ஸ்பிரிங்கை வெட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், தயவுசெய்து வேண்டாம்.

சுட்டதும் “டொய்ங்” என்று அதிர்கிறது என்பதும் இதே வகைதான், ஸ்பிரிங் நடுங்குகிற சத்தம். பட்டறையில் மாலிப்டினம் கிரீஸ் தடவினால் அடங்கும், தடவாவிட்டாலும் ஒன்றும் கெட்டுவிடாது. தடவச் சொன்னால் மெல்லிசாகத் தடவச் சொல்லுங்கள். கெட்டியாக அப்பினால் உறைபனிக் காலையில் பிஸ்டன் சோம்பேறியாகிவிடும்.

பெல்லட் அங்கொன்றும் இங்கொன்றுமாக விழுகிறது

அதிகம் கேட்கப்படும் புகார் இதுதான். அதிகம் தவறாகப் பழுது பார்க்கப்படுவதும் இதுதான். நல்ல பெல்லட், நிதானமான பிடிப்பு, 10 மீட்டர் தூரம் என்றால் ஒரு சாதாரண ஸ்பிரிங் ரைஃபிள் ஐந்து பெல்லட்டையும் ஒரு ரூபாய் நாணயத்தின் அகலத்துக்குள் கொத்தாகப் போட வேண்டும். கொத்து உடைந்தால் நான் பார்க்கும் வரிசை: பெல்லட், ஸ்க்ரூ, பிடிப்பு, குழல். இந்த நான்கையும் முடிக்கும் முன் ஸ்கோப்பைத் திருகக் கூடாது.

பெல்லட்டை உள்ளங்கையில் கொட்டி வெளிச்சத்தில் பாருங்கள். இடுப்பு சிறுத்து, பின்பக்கம் குழிவாக, ஓரம் மெல்லிசாக இருக்கும். அந்த மெல்லிய ஓரம்தான் காற்றழுத்தத்தில் விரிந்து, குழலுக்குள் திருகாக ஓடும் புரிகளைக் கவ்வுகிறது. ஓரம் நசுங்கியிருந்தால் காற்று ஒரு பக்கமாகக் கசியும், பெல்லட் தள்ளாடும். ஈயம் மெத்து மெத்தென்ற உலோகம். மசினகுடியிலிருந்து கல்லட்டி வழியாக ஏறினால் 36 கொண்டை ஊசி வளைவு. பாதி காலியான டப்பா பைக்கின் பெட்டிக்குள் அத்தனை வளைவிலும் குலுங்கி வந்தால் ஓரங்கள் என்ன கதியாகும்? டப்பா மூடிக்கு அடியில் ஒரு ஸ்பாஞ்சுத் துண்டை வைத்து அழுத்தி மூடுங்கள். செலவில்லாத வைத்தியம்.

பெல்லட்டின் தலை அளவும் முக்கியம். 4.49, 4.50, 4.51, 4.52 மில்லிமீட்டர் என்று டப்பாவிலேயே போட்டிருப்பார்கள். எது சிறந்தது என்று பொதுவாகச் சொல்ல முடியாது, உங்கள் குழலுக்கு எது ஒத்துப்போகிறதோ அது. பெல்லட் விரலால் தள்ளினால் லேசான எதிர்ப்போடு உள்ளே போக வேண்டும். தானாக விழுந்தால் சிறிது, கட்டைவிரல் வலித்தால் பெரிது.

அடுத்தது ஸ்க்ரூ. மரக்கட்டை உள்ள ரைஃபிள் என்றால் பாதி வழக்கு இங்கேயே தீர்ந்துவிடும். கூடலூர், பந்தலூர் பக்கம் ஜூன் முதல் தென்மேற்குப் பருவமழை கொட்டும். குன்னூர், கோத்தகிரிக்கு அக்டோபர், நவம்பரில்தான் பெரிய மழை. அந்த மாதங்களில் கட்டை ஈரம் குடித்து வீங்கும், ஜனவரியில் காய்ந்து சுருங்கும். சுருங்கியதும் முன்பக்கம் இரு புறமும் இருக்கும் ஸ்க்ரூக்களும் ட்ரிகர் வளையத்தின் ஸ்க்ரூவும் தளர்ந்துபோகும். ஒவ்வொரு சுடுக்கும் இரும்பு மரத்துக்குள் ஒரு மயிரிழை நகரும். சரியான அளவு ஸ்க்ரூ டிரைவரால் இறுக்குங்கள். மூச்சைப் பிடித்துத் திருகாதீர்கள், மரம் பிளந்துவிடும். திரும்பத் திரும்பத் தளர்ந்தால் மரையில் ஒரு துளி நெயில் பாலிஷ் போதும். மழை தொடங்கும்போது ஒரு முறை, பனி தொடங்கும்போது ஒரு முறை பார்ப்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

பிடிப்பு. ஸ்பிரிங் ரைஃபிள் முதலில் பின்னால் தள்ளும், பிஸ்டன் முட்டியதும் முன்னால் இழுக்கும். இந்த இரண்டு உதைப்பும் பெல்லட் குழலை விட்டு வெளியேறும் முன்பே தொடங்கிவிடும். அதனால் கல் திட்டிலோ ஜன்னல் கட்டையிலோ நேரடியாக வைத்து அழுத்திப் பிடித்துச் சுட்டால் கொத்து சிதறும். உள்ளங்கையைத் திட்டின் மேல் வைத்து, அதன் மேல் ரைஃபிள் தன் பாட்டுக்குக் கிடக்கட்டும். தோளிலும் லேசாகத்தான் பட வேண்டும். போலீஸ்காரர் லத்தியைப் பிடிப்பது போல இறுக்கிப் பிடிக்கிறவர்களுக்கு இது மனசுக்கு ஒப்பாது, ஆனால் ஐந்தே பெல்லட்டில் வித்தியாசம் தெரிந்துவிடும்.

கடைசியாகக் குழல். சில நூறு பெல்லட்டுக்கு ஒரு முறை, நைலான் மீன் நரம்பில் துணித் துண்டைக் கட்டிப் பின்பக்கத்திலிருந்து முனைக்கு இழுத்தால் ஈயப் படிவு போய்விடும். இரும்புக் கம்பி பிரஷ் கூடவே கூடாது, புரிகளின் கூர் தேய்ந்துவிடும். சுத்தம் செய்தவுடன் முதல் பத்திருபது பெல்லட் கொஞ்சம் அலையும், அது இயல்பு. குழலின் முனை வட்டத்தை விரலால் தடவிப் பாருங்கள். கீழே விழுந்து ஒரு பக்கம் பிசிறு வந்திருந்தால் பட்டறையில்தான் சீர் செய்ய வேண்டும். மூடிய குழலைப் பக்கவாட்டில் ஆட்டிப் பார்த்து, ஆடினால் அச்சாணி ஸ்க்ரூ தளர்ந்திருக்கிறது.

கொத்து அருமையாக இருக்கிறது, இடம்தான் மாறிவிட்டது

இது நல்ல செய்தி. ரைஃபிளில் கோளாறு இல்லை, குறிகாட்டிதான் நகர்ந்திருக்கிறது. ஸ்கோப் என்றால் அதைப் பிடித்திருக்கும் கிளாம்ப், இரட்டை உதைப்பில் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் ஊர்ந்திருக்கும். ரைஃபிளின் மேல் பென்சிலால் ஒரு கோடு போட்டு வைத்தால் ஊர்வது கண்ணுக்குத் தெரியும். நகராமல் தடுக்கிற முளை உள்ள கிளாம்ப் வாங்குங்கள். வேட்டைத் துப்பாக்கிக்கென்று செய்த விலை உயர்ந்த ஸ்கோப்பை ஸ்பிரிங் ஏர் ரைஃபிளில் மாட்டி உடைத்தவர்கள் உண்டு. அவை பின்னுதைப்பை மட்டும் தாங்கச் செய்தவை. ஏர் ரைஃபிளுக்கு ஏற்றது என்று குறிப்பிட்டிருப்பதைத்தான் வாங்க வேண்டும்.

பெல்லட் டப்பாவை மாற்றினாலும் இடம் மாறும். சரிவில் மேல்நோக்கியோ கீழ்நோக்கியோ சுட்டால், இரண்டிலுமே பெல்லட் கொஞ்சம் மேலேதான் விழும். அடுக்குத் தோட்டத்தில் பழகுகிறவர்கள் இதை ஸ்கோப்பின் தலையில் போடாதீர்கள்.

ஸ்கோப் மங்கலாக இருக்கிறது

மூட்டத்திலிருந்து அடுப்பெரியும் அறைக்குள் கொண்டுவந்தால் வெளிக் கண்ணாடியில் நீர் கோத்துக்கொள்ளும். சட்டை நுனியால் துடைக்காதீர்கள், கீறல் விழும். வெளியிலேயே பைக்குள் வைத்து மூடி, பையோடு உள்ளே கொண்டுவந்து, அறைச் சூட்டுக்கு வந்த பிறகு திறங்கள். நீர் உள்பக்கம் என்றால் சீல் போய்விட்டது. கண்ணாடிக்குள் மெல்லிய வேர் மாதிரி கிளை கிளையாகத் தெரிந்தால் பூஞ்சை. கேமரா வைத்திருக்கும் மலைக்காரர்கள் எல்லோருக்கும் இது தெரியும். ஒருமுறை பிடித்தால் கண்ணாடியின் பூச்சையே தின்றுவிடும்.

உருண்டைக் குண்டு போட்டேன், சரியாக வரவில்லை

வராது. 4.5 மில்லிமீட்டர் ஈய உருண்டை ஒன்றின் எடை ஏறக்குறைய 0.54 கிராம். போட்டிகளில் சுடும் தட்டை முனைப் பெல்லட்டும் 0.53 கிராம்தான். ஆக, எடையில் குறை இல்லை. கவ்வுவதில்தான் குறை. உருண்டை குழலை நடுவில் ஒரு மெல்லிய வளையமாக மட்டுமே தொடுகிறது, விரிந்து அடைக்க அதற்கு ஓரம் இல்லை. காற்று சுற்றிலும் கசியும், புரி சரியாகப் பிடிக்காது, பிடிக்காத உருண்டை எந்தப் பக்கம் சுழல்கிறதோ அந்தப் பக்கம் போகும். இதைவிட மோசம், கொஞ்சம் சிறிய உருண்டை என்றால் குழலைக் கீழே சாய்த்தவுடன் உருண்டு முனை வழியாக வெளியே விழுந்துவிடும். நீங்கள் குண்டு இருக்கிறது என்று நினைத்துச் சுடுவீர்கள், பிஸ்டன் வெறுமனே மோதும். திருவிழா பலூன் கடையில் மூன்று மீட்டரில் இதெல்லாம் பொருட்டில்லை. பலூன் பெரிது, கடைக்காரருக்கும் குறி தவறினால்தானே லாபம்.

தாமிரம் பூசிய இரும்புக் குண்டு இன்னும் ஆகாது. அது புரிகளைத் தேய்க்கும், பட்ட இடத்திலிருந்து திரும்பி வரும்.

ஈயத்தை உருக்கி நாமே உருண்டை வார்க்கலாமா என்று கேட்பவர்களுக்கு: 327 டிகிரியில் ஈயம் உருகும், அடுப்பிலேயே உருகிவிடும் என்பதுதான் ஆபத்து. மூடிய சமையலறையில் ஈயப் புகையும் தூசியும் தங்கும், ஈரப் பாத்திரத்தில் ஒரு சொட்டு நீர் இருந்தால் உருகிய ஈயம் வெடித்துத் தெறிக்கும். இவ்வளவுக்குப் பிறகு கிடைப்பது அளவு ஒவ்வாத உருண்டை. எஸ்டேட் பங்களாக்களில் உரிமத்தோடு 12 போர் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் தோட்டாவையே வீட்டில் அடைப்பது பற்றிக் கேட்பதுண்டு. அது 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி தயாரிப்பு. துப்பாக்கி வைத்திருக்கிற உரிமம் அதற்குப் போதாது, அந்தப் பக்கம் நான் போவதில்லை.

பெல்லட் குழலில் சிக்கிவிட்டது

பின்னால் இன்னொன்று போட்டுச் சுடக் கூடாது. இரண்டும் சேர்ந்து இறுகும். ரைஃபிள் ஏற்றப்படாமல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, குழலைத் திறந்து, முனையிலிருந்து பின்பக்கமாக வழவழப்பான மரக்குச்சி அல்லது பித்தளைக் கம்பியால் தள்ளுங்கள். அசையாவிட்டால் எண்ணெய் ஒரு சொட்டு முனை வழியாக விட்டு ஊறவிட்டுத் தள்ளலாம். வந்த பிறகு அந்த எண்ணெயைத் துடைக்க மறக்காதீர்கள், இல்லாவிட்டால் மேலே சொன்ன புகை வரும். குழலைத் தீயில் காட்டாதீர்கள்.

மடக்கினால் பிடிக்கவில்லை, அல்லது தானாகச் சுடுகிறது

நிறுத்திவிடுங்கள். கொக்கி தேய்ந்திருக்கிறது. ட்ரிகர் ஸ்க்ரூவைத் திருகிப் பார்ப்பது, ஒரு சொட்டு எண்ணெய் விட்டுப் பார்ப்பது எதுவும் வேண்டாம்.

பெல்லட்டில் வெள்ளைப் பொடி, குழலில் துரு

மழைக்காலம் முழுக்கத் திறந்து கிடந்த டப்பாவில் பெல்லட்டுகள் வெளிறிப்போய் மாவு பூசியது போல இருக்கும். ஈரமும் காற்றும் சேர்ந்து ஈயத்தை அரித்த பொடி அது. விஷம். கழுவிப் பயன்படுத்தலாம் என்று நினைக்காமல் டப்பாவோடு மூடித் தனியே எடுத்து வையுங்கள், குழந்தைகள் கைக்கு எட்டக் கூடாது. நல்ல பெல்லட்டாக இருந்தாலும் உதட்டில் கவ்விக்கொண்டு சுடும் பழக்கத்தை விடுங்கள். பயிற்சி முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகுதான் பஜ்ஜி.

துரு வருவது மூட்டத்தால் மட்டும் இல்லை, உறையால். உள்ளே ஸ்பாஞ்சு வைத்த உறைக்குள் ரைஃபிளை மாதக்கணக்கில் மூடி வைத்தால் ஸ்பாஞ்சு குடித்த ஈரம் அத்தனையும் இரும்புக்குப் போகும். பயணத்துக்கு மட்டும் உறை. வீட்டில் பூட்டிய அலமாரியில் நிற்கட்டும். கம்பளித் துணிக்குப் பூஞ்சை பிடிக்காமல் இருக்க அலமாரிக்குள் சின்ன பல்பு எரியவிடும் பழக்கம் இங்கே உண்டு, அது ரைஃபிளுக்கும் நல்லது. சிலிக்கா ஜெல் பொட்டலங்களைச் சேர்த்துவைத்தாலும் சரி. வியர்வைக் கை பட்ட இடங்களை எண்ணெய் ஒத்திய துணியால் வெளிப்பக்கம் மட்டும் துடையுங்கள். மேலாக வந்த துருவை எண்ணெயோடு மிக நைசான இரும்புக் கம்பளியால் மெல்லத் தேய்த்தால் போகும்.

அழுத்தக் காற்று, கரியமில வாயு ரைஃபிள்கள்

கரியமில வாயுக் குப்பி போடும் துப்பாக்கி உறைபனிக் காலையில் சோர்ந்து போவது இயற்கை. குப்பிக்குள் 20 டிகிரியில் 57 பார் அளவுக்கு இருக்கும் அழுத்தம் சுழியம் டிகிரியில் 35க்குப் பக்கத்தில் வந்துவிடும். வெயில் ஏறட்டும்.

காற்றுச் சிலிண்டர் உள்ளவற்றில் மலைக்கே உரிய தொல்லை, கைப்பம்ப்பு. மூட்டத்துக்குள் நின்று 200 பார் வரை அடித்தால் காற்றோடு தண்ணீரும் அழுத்தப்பட்டு உள்ளே போகும், சிலிண்டர் உள்பக்கமாகத் துருப்பிடிக்கும். வெயில் அடித்துக் காற்று காய்ந்த மதிய நேரத்தில் அடியுங்கள், கொஞ்சம் அடித்ததும் நிறுத்தி, ஈரத்தை வெளியே விடும் வால்வைத் திறந்துவிட்டு, பம்ப்பு ஆறிய பிறகு தொடருங்கள். சிலிண்டரில் பொறித்திருக்கும் தேதியையும் பாருங்கள். போட்டி ரைஃபிள் சிலிண்டர்களுக்குப் பத்து ஆண்டுதான் ஆயுள்.

பட்டறைக்கு எடுத்துப் போகும்போது

2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, .177 அங்குலத்துக்கு மேற்படாத குழலும் 20 ஜூல் அளவைத் தாண்டாத ஆற்றலும் உள்ள ஏர் ரைஃபிளுக்கு உரிமம் வேண்டியதில்லை. வாங்கிய ரசீதைக் கூடவே வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் சரணாலயத்துக்குள் முன் அனுமதி இல்லாமல் ஆயுதத்தோடு நுழைவதை 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டம் தடுக்கிறது. முதுமலை வழியாகப் போகும் பாதையை இதற்குத் தேர்ந்தெடுக்காதீர்கள். கேரட் தோட்டத்துக்கு வரும் குரங்கையும் மரத்தில் இருக்கும் அணிலையும் குறி பார்க்கிறவர்களுக்கும் அதே சட்டம்தான் பதில் சொல்லும்.

ரைஃபிள் ஏற்றப்படாமல், பெல்லட் இல்லாமல், மூடிய உறைக்குள் இருக்கட்டும். நீங்கள் கடைசியாகச் சுட்ட குறிக் காகிதத்தையும், அப்போது போட்ட பெல்லட் டப்பாவையும் சேர்த்துக் கொண்டுபோங்கள். உள்ளே எந்த எண்ணெய் விட்டீர்கள் என்பதையும் வெட்கப்படாமல் சொல்லிவிடுங்கள். பழுது பார்க்கிறவருக்குப் பாதி நேரம் மிச்சமாகும்.